பதம் பார்த்து விதைக்கும் பாடம்!

கோவில்பட்டிப் பக்கம் ரயிலில் போயிருக்கிறீர்களா? ஜன்னல் வழியே பார்த்தால் கண்ணுக்கெட்டிய மட்டும் கரிசல் காடு. காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். மழை பெய்தாலோ காலை விடாமல் ஒட்டிக்கொள்ளும். அந்த ஊர்ச் சம்சாரி ஒரு பிடி மண்ணை எடுத்துப் பதம் பார்க்காமல் விதைக்க மாட்டார்.

நம் பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் பதம் பார்ப்பார் இல்லை! வகுப்பில் எல்லோருக்கும் ஒரே பாடம், ஒரே வேகம். கடன் வாங்கிக் கழிக்கத் தெரியாத பையனுக்கும் அடுத்த வாரம் பின்னக் கணக்கு வந்துவிடுகிறது. பாடம் போய்விடுகிறது, பையன் அங்கேயே நிற்கிறான்.

2015-ல் டில்லியில் பொருளாதார நிபுணர் கார்த்திக் முரளிதரனும் அவருடைய சகாக்களும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் சராசரி இரண்டரை வகுப்புப் பின்தங்கியிருந்தார்கள். ஒன்பதாம் வகுப்பிலோ நாலரை வகுப்பு!

619 பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப் பேரைக் குலுக்கிப் போட்டு எடுத்து, 'மைண்ட்ஸ்பார்க்' என்ற கம்ப்யூட்டர் பாடத்தில் சேர்த்தார்கள். பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று அது முதலில் கேள்வி கேட்டுக் கண்டுகொள்ளும். பிறகு, சொல்லும் பதிலுக்கு ஏற்ப அடுத்த கேள்வியைப் போடும். தப்புச் சொன்னால் முகம் சுளிக்காது. பக்கத்துப் பையன் சிரிக்கவும் மாட்டான்! நாலரை மாதத்தில், சேராத பிள்ளைகளைவிட இவர்கள் கணக்கிலும் இந்தியிலும் நன்றாக முன்னேறினார்கள். கடைசி வரிசைப் பிள்ளைகளும் கூடத்தான்.

ஆனால் ஒரு வேடிக்கை கேளுங்கள். பள்ளிக்கூடத்துக் கணக்குப் பரீட்சையில் அந்த முன்னேற்றம் தெரியவே இல்லை! ஏன்? ஏழாம் வகுப்புப் பரீட்சை ஏழாம் வகுப்புக் கணக்கைத்தானே கேட்கும்? மூன்றாம் படியிலிருந்து நாலாம் படிக்கு ஏறியவனின் கஷ்டம் அதற்கு எப்படித் தெரியும்?

இன்னொன்று. அங்கே கம்ப்யூட்டர் முன்னால் 45 நிமிஷம் என்றால், ஓர் ஆசிரியரோடு 45 நிமிஷம். யந்திரம் தனியாகப் பாடம் நடத்தவில்லை.

நம் ஊருக்கும் இது புதிதல்ல. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலில், பிள்ளைகள் அட்டைகளை எடுத்துத் தத்தம் வேகத்தில் ஏணிப்படி ஏறினார்கள். 2022-ல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம், அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துச் சொல்லிக் கொடுத்தது.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. கேட்ட கேள்விக்குத் தமிழிலேயே விளக்கம் சொல்கிறது. ஆனால் சில சமயம் தப்பையும் சரளமாகச் சொல்லிவிடும்; ஜாக்கிரதை!

தீப்பெட்டி ஆபீஸிலிருந்து பொழுது சாய்ந்து வீடு திரும்பும் தாய்க்குப் பின்னக் கணக்குத் தெரியாமல் இருக்கலாம். பாதகமில்லை. "இன்றைக்குப் படித்ததை எனக்குச் சொல்லிக் கொடு, கண்ணு" என்று உட்கார்ந்தால் போதும். பையன் எந்த இடத்தில் திணறுகிறான் என்பது தானே தெரிந்துவிடும்.

சகோதரிகளே, அடுத்த முறை மார்க்கு ஷீட்டில் கையெழுத்துப் போடுமுன் இதைக் கேளுங்கள்: "போன மாதம் தெரியாதது எது இன்றைக்குத் தெரியும்?" பிள்ளையின் பதம் அந்தப் பதிலில்தான் இருக்கிறது.