சிறார் இதய மருத்துவம்

கள்ளக்குறிச்சி மாவட்டத்து ரிஷிவந்தியம் வட்டாரத்தில் உழவே பெருந்தொழில். அங்குள்ள சிற்றூர்களின் அங்கன்வாடிகளுக்கு ஆண்டில் இருமுறையும், அரசுப் பள்ளிகளுக்கு ஒருமுறையும் மருத்துவக் குழுவினர் சென்று குழந்தைகளைப் பார்வையிடவேண்டும் என்பது, 2013ஆம் ஆண்டில் நாடெங்கும் தொடங்கப்பெற்ற சிறார் நலத் திட்டத்தின் விதி. குழுவின் மருத்துவர் குழந்தையின் மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துச் செவிசாய்க்கிறார். நன்னிலையிலுள்ள இதயம் 'லப்-டப்' என இரண்டு ஒலிகளையே எழுப்பும். அவற்றினிடையே இரைச்சல் கேட்பதும் உண்டு. நலமுள்ள குழந்தைகள் பலரிடத்தும் அது கேட்குமாதலின் பெற்றோர் உடனே அஞ்சவேண்டுவதில்லை. ஆனால், பால் குடிக்கும்போதே வியர்த்து இளைக்கும் குழந்தையிடமோ, எடை ஏறாத குழந்தையிடமோ அவ்விரைச்சல் கேட்குமாயின், அக்குழந்தையைச் சிறார் இதய மருத்துவரிடம் காலந்தாழ்த்தாது அனுப்புதல் வேண்டும்.

பிறக்கும் ஆயிரம் குழந்தைகளுள் ஏறத்தாழ எட்டு அல்லது ஒன்பது குழந்தைகளுக்கு இதயத்தில் பிறவிக்குறை காணப்படுகிறது. இதற்குத் தாயைப் பழிப்பாரும் உளர், அது பேதைமை. கருவின் முதல் எட்டு வாரங்களிலேயே இதயம் வடிவு பெற்றுவிடுகிறது. தான் கருவுற்றதைத் தாய் அறியுமுன்னரே அவ்வேலை பெரிதும் நடந்துவிடுவதும் உண்டு.

செவியையே பெரிதும் நம்பிய இத்துறையை வளர்த்த முன்னோடியாகிய அமெரிக்கப் பெண்மணி ஹெலன் டாசிக், செவிப்புலன் குன்றியவர் என்பது வியப்பன்றோ! அவர் குழந்தைகளின் மார்பில் விரல்களை வைத்தே துடிப்பை உணர்ந்தார். நுரையீரலுக்குப் போதிய குருதி செல்லாமையால் உடல் நீலம் பாய்ந்த குழந்தைகளுக்கு, வேறொரு குருதிக்குழாயை நுரையீரற் குழாயோடு இணைத்தால் உயிர் காக்கலாம் என அவர் எண்ணினார். விவியன் தாமசு என்பார் அம்முறையை ஆய்வுக்கூடத்தில் செய்து பழகினார். 1944ஆம் ஆண்டில் ஆல்பிரடு பிளேலாக் அதனை ஒரு குழந்தைக்குச் செய்தார். தமிழ்நாட்டில், வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், 1962ஆம் ஆண்டில் மருத்துவர் கோபிநாத் இதயத்தைத் திறந்து செய்யும் அறுவையை வெற்றியுடன் நிகழ்த்தினார்.

இந்நாளில் இதய மருத்துவர், மீயொலி அலைகளால் இதயத்தின் உட்புறத்தைத் திரையிற் காண்கிறார். கீழறைகளுக்கிடையே உள்ள சிறு துளைகள் பல தாமே மூடிக்கொள்வன. அத்தகைய குழந்தையைத் தொடாமல், குறித்த காலங்களில் பார்த்துவருதலும் மருத்துவமே; கத்தியை எடுப்பதினும் பொறுத்திருப்பதே சிலவேளை அரிது. மேலறைகளுக்கிடையே பெரிய துளை இருப்பின், தொடை நாளத்தின் வழியே மெல்லிய குழாயை இதயம்வரை செலுத்துவர். நிக்கலும் டைட்டானியமும் கலந்த கம்பியாற் பின்னிய இரட்டைத் தட்டு அதனுள் மடங்கிச் செல்லும். துளையை அடைந்ததும் இருபுறமும் விரிந்து அதனை அடைக்கும். எல்லாத் துளைகளும் இதற்கு இசையா; இசையாதவற்றிற்கு அறுவையே வழி.

இதற்காகும் பெருஞ்செலவு உழவர் குடும்பத்தால் தாங்கற்பாலதன்று. தமிழ்நாட்டு அரசு 2008ஆம் ஆண்டில் இளஞ்சிறார் இருதயப் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கியது. இப்பொழுது முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் வழியே, தகுதியுள்ள குடும்பத்துக் குழந்தைகளுக்கு இச்சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கிறது.

வீடு திரும்பிய குழந்தையைச் சில காலம் முரட்டு விளையாட்டுக்களினின்று விலக்கி வைப்பர். ஏறத்தாழ ஆறு திங்களில் இதயத்தின் உட்சவ்வு அவ்வுலோகத் தட்டின்மேல் மெல்லப் படர்ந்து மூடிவிடுகிறது.