செயின் அறுவதைவிடக் கழல்வதே ஆபத்து

சாதாரண சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் உருண்டுகொண்டே போகும். பின்சக்கரத்தில் இருக்கும் பிரீவீல் தரும் வசதி அது. ‘பிக்ஸட் கியர்’ சைக்கிளில் பிரீவீல் கிடையாது. பின்பக்கப் பல்சக்கரம் சக்கரத்தின் மையமான ஹப்போடு இறுகப் பூட்டியிருப்பதால், சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும், ஓட்டுபவரின் காலும் சுற்றும். வெலோட்ரோம் எனப்படும் சைக்கிள் பந்தயத் தடங்களில் ஓடும் இவ்வகை வண்டி நியூயார்க், லண்டன், பெர்லின், டோக்கியோ சாலைகளிலும் ஓடுகிறது. சுற்றும் பெடலைக் காலால் எதிர்த்து அழுத்தினால் வேகம் குறையும். ஆக, வண்டியை ஓட்டும் செயினே அதை நிறுத்தும் பிரேக்காகவும் வேலை செய்கிறது. இந்த இரட்டைப் பொறுப்பை மனத்தில் வைத்துத்தான் செயினின் பாதுகாப்பை எடைபோட வேண்டும்.

எவ்வளவு வலுவான செயின் வாங்குவது என்பதே பலருடைய முதல் கேள்வி. கணக்குப் போட்டால் கவலை வேறிடத்தில் இருக்க வேண்டும் என்பது புரியும். 70 கிலோ எடையுள்ள ஒருவர், 170 மி.மீ. நீளக் கிராங்கின் பெடல் மேல் முழு எடையையும் ஏற்றி நிற்பதாகக் கொள்வோம். 48 பற்கள் உள்ள முன்பக்கப் பல்சக்கரத்தின் ஆரம் சுமார் 97 மி.மீ. நெம்புகோல் விதிப்படி செயினில் ஏறும் இழுவிசை ஏறத்தாழ 1,200 நியூட்டன். ஹேண்டில்பாரை இழுத்துப் பிடித்து மிதிப்பவர் அதை இரு மடங்காக்கலாம். தரமான செயினோ சுமார் 8,000 நியூட்டன் வரை தாங்கும். 1/8 அங்குலச் செயின் 3/32 அங்குலச் செயினைவிடக் கட்டாயம் வலுவானது என்பதும் சரியல்ல. அந்த அளவு உள்தகடுகளுக்கு இடையிலான அகலத்தையே குறிக்கிறது. வலுவைத் தருபவை தகட்டின் தடிமனும் எஃகின் தரமும், கண்ணிகளைக் கோக்கும் ஆணி எவ்வளவு இறுக்கமாகப் பொருந்தியிருக்கிறது என்பதும்தான்.

அறுவதைவிடக் கழல்வதற்கே வாய்ப்பு அதிகம். முன்னோக்கி மிதிக்கும்போது செயினின் மேல்பகுதி விறைத்தும் கீழ்ப்பகுதி தளர்ந்தும் இருக்கும். பெடலை எதிர்த்து அழுத்தும் நொடியில் இது தலைகீழாகி, மேல்பகுதி தளர்ந்துவிடும். அந்தத் தளர்ச்சியோடுதான் செயின் முன்பக்கப் பல்சக்கரத்தில் வந்து ஏறுகிறது. தொய்வு அதிகமிருந்து சாலைக் குழி ஒன்றும் குலுக்கிவிட்டால், கண்ணி பல்லில் அமராமல் வெளியே நழுவக்கூடும். பிரீவீல் சைக்கிளில் செயின் கழன்றால் இறங்கி மாட்டிக்கொண்டு போகலாம், பிரேக் தனியாக இருக்கிறது. இங்கே செயின் போனால் காலால் நிறுத்தும் வழியும் அதோடு போய்விடும். கழன்ற செயின் ஹப்பில் சிக்கிப் பின்சக்கரத்தையே இறுக்கிப் பூட்டிவிடவும் கூடும்.

ஆகவே நம்பகத்தன்மை என்பது சரியான இறுக்கமும் நேர்கோடும்தான். பல கியர் சைக்கிளில் தொய்வைச் சுருளிக்கம்பி தானே இழுத்துக்கொள்ளும். இங்கே பின்சக்கரத்தை நகர்த்தித்தான் சரிசெய்ய வேண்டும். பல்சக்கரங்கள் முழு வட்டமாக இருப்பது அரிது என்பதால், கிராங்கை மெல்லச் சுற்றி, செயின் மிக விறைப்பாக இருக்கும் இடத்தில் சோதிக்க வேண்டும். அங்கும் நடுப்பகுதி சுமார் ஒரு செ.மீ. அசைந்தால் போதும். அதற்கு மேல் இறுக்கினால் பேரிங்குகள் தேயும். முன்னும் பின்னுமுள்ள பல்சக்கரங்கள் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். எதிர்அழுத்தத்தில் பின்பல்சக்கரம் மரை கழலாமலிருக்க, இடது மரையுள்ள லாக் ரிங் என்னும் பூட்டு வளையம் அவசியம். பிரீவீலுக்கான ஹப்பில் பல்சக்கரத்தைப் பசை தடவித் திருகி ஒப்பேற்றுவது உயிரோடு விளையாடுவது. 12 அங்குல நீளத்தில் செயின் 1/16 அங்குலம் நீண்டிருந்தால் மாற்றும் காலம் நெருங்கிவிட்டது. இந்த வண்டியில் சுழலும் செயினைத் துடைக்கும் கைக்கும் எச்சரிக்கை தேவை. ஓடும் சக்கரமே செயினைத் தொடர்ந்து இழுப்பதால், பல்லிடையில் விரல் மாட்டினால் துண்டாகிவிடலாம்.

இவ்வளவு கவனமாகப் பராமரித்தால் தனி பிரேக் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். ஜப்பானில் 1948இல் தொடங்கிய கெய்ரின் பந்தய வண்டிகளில் பிரேக்கே இல்லையே என்றும் காட்டுகிறார்கள். ஆனால் அந்தப் பந்தயத் தடத்தில் எல்லோரும் ஒரே திசையில் ஓடுகிறார்கள். குறுக்கே வர ஆளில்லை, சிக்னல் இல்லை. சாலையில் இரண்டும் உண்டு. மேலும், செயின் எவ்வளவு நல்லதானாலும் இயற்பியல் ஓர் எல்லை போடுகிறது. வேகம் குறையும்போது எடை முன்சக்கரத்துக்கு மாறுவதால் பின்சக்கரத்தின் பிடி தளர்கிறது. மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் பின்சக்கரத்தால் மட்டும் நிறுத்தச் சுமார் 10 மீட்டர் வேண்டும். நல்ல முன்பிரேக்கோடு அதில் பாதி போதும். பிரிட்டனின் 1983 விதிகள் பிக்ஸட் கியர் சைக்கிளுக்கும் முன்பிரேக்கைக் கட்டாயமாக்குவது இதனோடு முழுக்க ஒத்துப்போகிறது. வண்டியின் எளிமை கெட்டுவிடும் என்பது கடைசி வாதம். ஒரு கம்பியும் ஒரு பிடியும் அந்த எளிமையைக் குலைப்பதில்லை. செயினைச் செம்மையாக வைத்திருப்பது ஓட்டுபவரின் கடமை. அது கைவிடும் நொடிக்கென்று இன்னொரு பிரேக்கைப் பொருத்திக்கொள்வது, அதே சாலையில் நடந்து செல்பவருக்கும் அவர் செலுத்த வேண்டிய கடன்.