பழைய சுங்கானைத் துடைக்க முன்னர்

சுவிசில் புறொக்கிக் கடைகளிலும் சூரிச் பியுர்க்லிபிளாட்ஸ் சனிக்கிழமைச் சந்தையிலும் பழைய சுங்கான்கள் விற்பனைக்கு வருவதுண்டு. வெள்ளி மூடி போட்ட, கவிழ்த்துப் பிடித்துப் புகைக்கும் அப்பென்செல் 'லென்டவர்லி'யும் சிலவேளை கண்ணில் படும். யாழ்ப்பாணத்தில் சுருட்டுத்தான் பெருவழக்கு. ஆனாலும் அப்பப்பாவின் சுங்கான் ஒன்று எங்கள் சில வீடுகளின் அலுமாரியிலும் கிடக்கக்கூடும். அதைப் பளபளப்பாக்கும் அவசரத்தில் பலர் அதன் வயதையே அழித்துவிடுகிறார்கள்.

வயது காம்பில் பொறித்த எழுத்தில் இருக்கிறது. டப்ளினின் பீற்றர்சன் சுங்கான்களைப் பாருங்கள். 'ஐரிஷ் பிறீ ஸ்ரேற்' என்றிருந்தால் அது 1922க்கும் 1937க்கும் இடைப்பட்ட காலத்தது. 'ஏரா' என்றால் அதற்குப் பிந்தியது. 'றிபப்ளிக்' என்ற சொல் இருந்தால் 1949க்கு முந்தியதாக இருக்க முடியாது. நாட்டின் பெயர் மாற மாற, முத்திரையும் மாறியது. காம்பில் ஆங்கிலேய வெள்ளி வளையம் இருந்தால் இன்னும் இலகு: நங்கூரம் பேர்மிங்காம் நகரைக் குறிக்கும், பக்கத்திலுள்ள தனி எழுத்து ஆண்டைச் சொல்லும்.

ஆகவே முதலில் சாய்வான வெளிச்சத்தில் எழுத்தைப் படம் எடுத்து வையுங்கள். சூடாக இருக்கும்போது வாய்க்குழலைக் கழற்றினால் காம்பு வெடிக்கலாம். ஆறியபின் மெதுவாகத் திருகிக் கழற்றுங்கள். கிண்ணத்தின் உள்ளே படிந்த கரியை முழுதாகச் சுரண்ட வேண்டாம். ஒரு மில்லிமீற்றர் அளவு விட்டால் அது மரத்தைச் சூட்டிலிருந்து காக்கும். மரத்தைத் தண்ணீரில் ஊறப் போடாதீர்கள். துளையை மதுசாரத்தில் நனைத்த சுங்கான் குச்சியால் துடைத்தால் போதும். கறுப்பு வாய்க்குழல் மண்ணிறமாக மாறுவது அழுக்கினால் அல்ல. கந்தகம் கலந்த இறப்பர் வெளிச்சத்தில் மாறுவதால்தான். அதை மெல்லிய அரத்தாளால் தேய்க்கலாம். ஆனால் எழுத்து உள்ள இடத்தில் அரத்தாள் படவே கூடாது.

பெயர் மாறிய நாட்டின் கதை எங்களுக்கும் புதிதல்ல. 1972 மே 22இல் 'சிலோன்' சிறீலங்கா ஆனது. ஊரிலிருந்து வந்த கடவுச்சீட்டு, பழைய கடித உறை எல்லாவற்றிலும் இதே வழியில் காலத்தைத் தேடலாம்.

முத்திரை, பொருள் எப்போது செய்யப்பட்டது என்று மட்டுமே சொல்லும். யார் கையில் இருந்தது என்று சொல்லாது. இங்கு பிறந்த பிள்ளைகளுக்காக அவரின் பெயரையும் ஊரையும் ஒரு துண்டில் எழுதி, சுங்கானோடு பெட்டியில் வையுங்கள். துண்டு இல்லாத சுங்கான் ஒருநாள் புறொக்கிக்குத்தான் போகும்.