ஒரு பேரீச்சைக்கு ஐந்து ஆள்

2019 கோடையில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வந்தது. வீட்டுக்கு ஏழு குடம். குடங்களை வரிசையில் போட்டுவிட்டு, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ‘டியூன்’ நாவலைப் படித்துக்கொண்டிருந்தேன். “குடத்தைப் பாக்காம என்ன சார் புஸ்தகம்?” என்றார் எதிர்வீட்டு அம்மா. பாலைவனக் கதை என்றேன். “ஏன், இங்க இருக்கிறது போதலையா?” என்றார்.

ஃபிராங்க் ஹெர்பர்ட் என்ற அமெரிக்கர் எழுதி, 1965இல் புத்தகமாக வந்த நாவல் அது. பல பதிப்பாளர்கள் வேண்டாம் என்று தள்ளியதை, கார் ரிப்பேர் கையேடுகளுக்குப் பேர்போன ஒரு நிறுவனம் வெளியிட்டது. கதை நடக்கும் அராக்கிஸ் ஒரு கற்பனைக் கிரகம். மழையே கிடையாது, துருவங்களில் கொஞ்சம் பனிக்கட்டி, மற்றதெல்லாம் மணலும் பாறையும். மணலுக்கடியில் நானூறு மீட்டர் வரை வளரும் புழுக்கள். சீரான காலடிச் சத்தம் கேட்டால் மேலே வந்து விழுங்கிவிடும். அதனால் அங்குள்ளவர்கள் தாளம் தப்பி நடக்கப் பழகியிருக்கிறார்கள். விண்வெளிப் பயணத்துக்குத் தேவையான ‘மெலாஞ்ச்’ என்ற ஒருவகை மசாலா இந்த மண்ணில் மட்டும்தான் கிடைக்கும். அதற்காகப் பிரபுக்கள் அடித்துக்கொள்வதுதான் கதை. சினிமாவிலேயே பார்த்திருப்பீர்கள், விட்டுவிடுகிறேன்.

என்னைப் பிடித்துக்கொண்டது வேறு. தலைநகரில் மாளிகை வாசலில் இருபது பேரீச்சை மரங்கள் நிற்கின்றன. தெருவில் போகிற ஒவ்வொருவரும் அவற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். ஏன் என்று ஒரு வைத்தியர் விளக்குகிறார்: மரம் ஒன்றுக்கு நாளைக்கு 40 லிட்டர் வேண்டும், ஆளுக்கு 8 லிட்டர் போதும். அப்படியானால் வாசலில் நிற்பது இருபது மரமல்ல, நூறு ஆள். இந்த இடம் வந்ததும் நிமிர்ந்து என் குடங்களை எண்ணிப் பார்த்துக்கொண்டேன்.

அந்தக் கிரகத்துப் பழங்குடிகள் ஃப்ரெமன்கள். பாறைக் குகைகளில் கூட்டமாக வாழ்கிறவர்கள். அவர்கள் அணியும் உடை வியர்வை, சிறுநீர், மூச்சின் ஈரம் எல்லாவற்றையும் பிடித்துச் சுத்தப்படுத்தி, குழாய் வழியே குடிக்கக் கொடுக்கிறது. ஒருவர் இறந்தால் உடலிலுள்ள தண்ணீரை வடித்துக் கூட்டத்தின் பொதுக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். நாயகன் பால் ஒரு சண்டையில் ஜாமிஸ் என்பவனைக் கொல்கிறான். செத்தவனின் தண்ணீரை அளக்கிறார்கள்: 33 லிட்டரும் சில்லறையும். அந்தச் சில்லறையையும் பின்னக் கணக்கில் சொல்கிறார்கள்! சடங்கில் பால் அழுதுவிடுகிறான். செத்தவனுக்காக ஒருவன் கண்ணீர் செலவழிக்கிறானே என்று கூட்டம் வாயடைத்துப்போய் அவன் கன்னத்தைத் தொட்டுப் பார்க்கிறது.

இன்னொரு காட்சியில் அவர்கள் தலைவன் ஸ்டில்கர், பிரபுவைப் பார்க்க வந்தவன், மேசைமேல் துப்புகிறான். காவலர்கள் பாய எழுகிறார்கள். விஷயம் தெரிந்த ஒருவன் தடுத்து, உடம்பின் ஈரத்தைக் காணிக்கையாகத் தந்ததற்கு நன்றி சொல்லி, தானும் துப்புகிறான்.

குறை இல்லாமல் இல்லை. அரபியிலிருந்தும் காக்கசஸ் மலைநாட்டிலிருந்தும் சொற்களை அள்ளிக்கொண்ட ஹெர்பர்ட், அந்த மக்களை மீட்க வெளியிலிருந்து ஒரு பிரபு வீட்டுப் பையனைத்தான் கொண்டுவருகிறார். அந்த மீட்பனால் வரும் நாசத்தையும் அவரே எழுதிவிட்டார் என்பதால் நான் பாதி மன்னித்துவிட்டேன்.

இந்த மணலுக்கு விதை 1957இல் விழுந்தது. ஓரிகன் மாநிலத்தின் ஃப்ளோரன்ஸ் பகுதிக் கடற்கரையில், சாலைகளை மூடிக்கொண்டு நகரும் மணல்மேடுகளைப் புல் நட்டு நிறுத்திக்கொண்டிருந்தது அமெரிக்க வேளாண் துறை. அதைப் பற்றிப் பத்திரிகைக் கட்டுரை எழுதத்தான் ஹெர்பர்ட் போனார். கட்டுரை அச்சேறவே இல்லை. அந்தப் புல் நாவலுக்குள் போய்விட்டது. ஃப்ரெமன்கள் பாறைக்கடியில் ரகசியமாகத் தண்ணீர் சேர்த்து, மணல்மேடுகளில் புல் நட்டு, கிரகத்தைப் பச்சையாக்கப் பார்க்கிறார்கள். முந்நூறிலிருந்து ஐந்நூறு வருடத்துத் திட்டம், நடுகிறவன் பார்க்கப்போவதில்லை. இதில் ஒரு வில்லங்கமும் உண்டு. புழுவுக்குத் தண்ணீர் விஷம். புழு செத்தால் மசாலாவும் இல்லை.

ஓரிகனில் நட்டதில் முக்கியமானது ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்த புல். மணலை நன்றாகவே பிடித்தது. பிறகு உள்ளூர்ச் செடிகளை நெருக்கியது. திறந்த மணலில் முட்டையிடும் உப்புக்கொத்திப் பறவைக்கும் இடமில்லாமல் செய்தது. இப்போது அந்தக் கடற்கரையில் பல இடங்களில் புல்டோசர் விட்டு அதே புல்லை அகற்றிக்கொண்டிருக்கிறார்கள்.