ஓராண்டு மேயர்

பெங்களூரு தேவரஜீவனஹள்ளி வார்டின் காங்கிரஸ் கார்ப்பரேட்டர் ஆர். சம்பத்ராஜ் 2017 செப்டம்பர் 28 அன்று மாநகர மேயரானார். 2015 தேர்தலில் 198 வார்டுகளில் 100 பாஜகவுக்குக் கிடைத்திருந்தன. காங்கிரஸுக்கு 76 தான். நகரத்தின் எம்.எல்.ஏ., எம்.பி.க்களுக்கும் மேயர் தேர்தலில் வாக்கு இருந்ததாலும், மதச்சார்பற்ற ஜனதா தளம் கைகொடுத்ததாலும் பதவி காங்கிரஸ் வசம் போனது.

அந்தப் பதவிக்கு அப்போது ஆயுள் ஓராண்டு. நிர்வாக அதிகாரமோ ஆணையரிடம். கார்ப்பரேட்டருக்கு அடுத்த படி சட்டமன்றம்தான். 2018இல், மேயராக இருந்தபோதே, சி.வி. ராமன் நகர் தனித்தொகுதியில் போட்டியிட்டு பாஜகவின் எஸ். ரகுவிடம் தோற்றார்.

அவருடைய வார்டு அடங்கிய புலிகேசி நகரும் தனித்தொகுதிதான். ஆனால் அங்கே சொந்தக் கட்சிக்காரரே இருந்தார்: ஜனதா தளத்திலிருந்து வந்து, 81,000க்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்ற அகண்ட சீனிவாசமூர்த்தி. தலித் தலைவர்களுக்கு நகரத்தில் தனித்தொகுதிகள் சொற்பம் என்பதால், எதிர்க்கட்சியைவிட உட்கட்சிப் போட்டியே கடுமையாகிறது.

2020 ஆகஸ்ட் 11 இரவு, அந்த எம்.எல்.ஏ.வின் உறவினர் இட்ட ஃபேஸ்புக் பதிவு நபிகளை இழிவுபடுத்துவதாகக் கொதித்த கும்பல் எம்.எல்.ஏ. வீட்டை எரித்தது, டி.ஜே. ஹள்ளி, கே.ஜி. ஹள்ளி காவல் நிலையங்களையும் தாக்கியது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மூவர் இறந்தனர். அரசியல் பகையால் சம்பத்ராஜ் கலவரத்தைத் தூண்டினார் என்பது மத்தியக் குற்றப் பிரிவின் குற்றச்சாட்டு. அவர் மறுத்தார். கொரோனாவுக்குச் சிகிச்சை பெற்ற மருத்துவமனையிலிருந்து போலீசுக்குத் தெரியாமல் வெளியேறிய அவர், நவம்பர் 16 அன்று கைதானார். 2021இல் ஜாமீன் கிடைத்தது. குற்றச்சாட்டு வேறு, தீர்ப்பு வேறு; ஆனால் அரசியலில் முதலாவதே ஆளைச் சாய்க்கப் போதும்.

வீடிழந்தவரும் தப்பவில்லை. 2023இல் காங்கிரஸ் சீனிவாசமூர்த்திக்கு சீட் மறுத்தது. பகுஜன் சமாஜ் சார்பில் நின்று தோற்றார்.

கலவரத்துக்கும் கைதுக்கும் இடையே, 2020 செப்டம்பர் 10 அன்று, மாமன்றத்தின் காலமே முடிந்துவிட்டது. அதன்பின் ஐந்தாண்டு தேர்தல் இல்லை. கார்ப்பரேட்டர் இல்லாததால், உதாரணமாக, விவேக் நகரில் சாக்கடை அடைத்தாலும் சாந்திநகர் எம்.எல்.ஏ. அலுவலகத்தையோ அதிகாரிகளையோதான் தேடிப் போக வேண்டும். 2025 செப்டம்பரில் மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்தபோது அந்தப் பகுதி மத்திய மாநகராட்சிக்குப் போனது. ஓராண்டுப் பதவி பயனற்றது என்று 2020 டிசம்பரில் நிறைவேறிய மாநகராட்சிச் சட்டம் மேயரின் காலத்தை இரண்டரை ஆண்டாக்கியிருந்தது. அந்தச் சட்டப்படி ஒரு மேயர்கூடத் தேர்ந்தெடுக்கப்படவில்லை.