குழந்தைக் காப்பகம் அமைத்தல்

தாய் பொருளீட்டப் புறஞ்செல்லுங்கால் அவள் சேயைப் பேணுவார் யாவர் என்னும் வினா புதியதன்று. வயலோரத்து மரக்கிளையில் தூளி கட்டிவிட்டுக் களை பறித்தவர் நம் பாட்டிமார். ஆலையிலும் அலுவலகத்திலும் தூளி கட்டக் கிளை ஏது? அக்குறையை நிரப்ப எழுந்ததே குழந்தைக் காப்பகம். அதனை ஒரு தொழிலாக மேற்கொள்ள விரும்புவார் முதற்கண் அறிதற்குரியன சிலவற்றை ஈண்டுக் கூறப் புகுகின்றேன்.

பாரிஸ் மாநகரில் 1844-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் பிர்மென் மார்போ என்பார் உழைக்கும் மகளிரின் மழலைகட்கென ஒரு விடுதி திறந்தார். அதற்கு இட்ட பெயர் 'கிரெஷ்' என்பது. நமது வேதபுத்தகத் தமிழில் வழங்கும் 'முன்னணை' என்பதே அச்சொல்லின் பொருள். ஆலைகளில் இன்று 'கிரெச்சு' என்று சொல்வோருள் எத்துணைப் பேர் இதனை அறிவர்? அவ்விடுதியில் தாய்மார் நாள்தோறும் ஒரு சிறு தொகை கட்டினர். இடையிடையே வந்து பாலூட்டிச் சென்றனர். அத்தொகை செலவிற்குப் போதாமையால் எஞ்சியதைப் பிறர் கொடை நிரப்பிற்று. அன்று தோன்றிய அப்போதாமையே இன்றளவும் இத்தொழிலின் முட்டுப்பாடு.

அஃது எங்ஙனம் எனின், கணக்கிட்டுக் காண்போம். ஒரு தாதி எத்துணைக் குழந்தைகளைச் செவ்வனே பேண இயலும்? இங்கிலாந்து நாட்டு விதிகள் இரண்டு வயது நிரம்பாதார் மூவர்க்கு ஒருவர் வேண்டும் என்கின்றன. இரண்டு வயதினர் ஐவர்க்கு ஒருவர். மூன்று வயது நிரம்பியோர்க்குப் பொதுவாக எண்மர்க்கு ஒருவர். தாதியின் மாதச் சம்பளம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வயதுப் பிள்ளை ஒவ்வொன்றின்மீதும் விழுவது 1,500 ரூபாய். கைக்குழந்தை ஒவ்வொன்றின்மீதும் 4,000 ரூபாய். வாடகை, தண்ணீர், மின்சாரம், துணி வெளுத்தல் ஆகியவை வேறு. அத்தாதியே தன் கைக்குழந்தையை அங்கு விட விரும்பினால், தன் சம்பளத்தில் மூன்றிலொரு பங்கினும் மிகுதியாகக் கொடுத்தல் வேண்டும்.

பிள்ளைத்தமிழ் பயின்றோர் இதனை எளிதில் உணர்வர். பருவங்கள் பத்தினையும் மூன்றாந் திங்கள் முதல் இருபத்தொன்றாந் திங்கள் ஈறாகப் பாட்டியலார் வகுத்தனர். எல்லாம் இரண்டாண்டிற்குள் அடங்கிவிடுகின்றன. செங்கீரையாடும் குழந்தையும் தளர்நடையிடும் குழந்தையும் ஓரறையில் இருப்பின், ஒன்றன் பாயின்மேல் மற்றொன்று விழும். தவழாதன, தவழ்வன, நடப்பன என மூவகையாகவேனும் இடம் பிரித்தல் நலம்.

நம் நாட்டில் 2018-ஆம் ஆண்டில் நடுவணரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், மூன்று வயதிற்குட்பட்டார் பதின்மர்க்கு ஒரு தாதி என்றன. கட்டணம் குறையும், உண்மை. ஆயின் பத்துக் கைக்குழந்தைகளுள் மூன்று ஒருங்கே அழுதால் இரண்டு கைகள் எதனைத் தூக்கும்?

என் சிறிய தாயார் தம் வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு காப்பகம் தொடங்கினார். முதல் ஆறு திங்களில் வந்த குழந்தைகள் நான்கே. பின்னர்க் கட்டணத்தைக் குறைத்தார், குழந்தைகள் பெருகின, தாதியரோ அதே இருவர். ஒரு நாள் புட்டிகள் மாறின. பசும்பால் ஒவ்வாத குழந்தையொன்று அதனைக் குடித்து இரண்டு நாள் துன்புற்றுத் தேறிற்று. யாரும் கடிந்துரைக்குமுன்னரே அத்தாதி அழுதுகொண்டு விலகிவிட்டார். அவரிடம் பழகியிருந்த ஒன்பது மாதக் குழந்தை அவ்வாரம் முழுதும் பிறர் கையில் பால் குடிக்க மறுத்தது. பெயர்ச்சீட்டு ஒட்டிப் புட்டிக் குழப்பத்தைத் தவிர்த்துவிடலாம். பழகிய முகம் போனால் அதற்கு ஒட்டுவது யாது? காப்பகத்தில் முதலாவது செலவு தாதியர் சம்பளமே என்று யான் எண்ணலானது அப்பொழுதுதான். வண்ணச் சுவர்களும் விளையாட்டுப் பொருள்களும் பின்னர் வரலாம்.

ஆகவே தாயின் சம்பளத்தை மட்டும் நம்பி இத்தொழிலில் இறங்குதல் இடர். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், முப்பதின் மிக்க பெண் தொழிலாளரையுடைய ஆலைகளில் அவர்தம் ஆறு வயதிற்குட்பட்ட குழந்தைகட்கு அறை வேண்டும் என விதித்தது. 2017-ஆம் ஆண்டின் மகப்பேற்று நலத் திருத்தச் சட்டம், ஐம்பதும் அதற்கு மேலும் ஊழியரையுடைய நிறுவனங்கள் தனித்தோ பிறரோடு கூடியோ காப்பக வசதி அளித்தல் வேண்டும் என்றும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை சென்று காண இடந்தரவேண்டும் என்றும் கூறிற்று. காப்பகம் தொடங்குவோர் வீடு தேடுமுன் அண்மையில் இத்தகைய நிறுவனம் உண்டா என்று தேடுதல் தகும். செலவில் ஒரு பகுதியை நிறுவனம் ஏற்குமாயின் தாயின் சுமையும் குறையும், தாதியின் சம்பளமும் உயரும்.

வீட்டைப் பற்றிச் சில சொற்கள்: கீழ்த்தளமாதல் வேண்டும், தெருவிற்கும் சமையலறைக்கும் கதவு தாழிடத்தக்கதாதல் வேண்டும், தண்ணீர்த் தொட்டி மூடப்பட்டிருத்தல் வேண்டும். மாலையில் குழந்தையை யாரிடம் ஒப்படைக்கலாம் என்பதைத் தாயின் கையெழுத்தோடு ஏட்டில் பதிந்துகொள்ளல் வேண்டும். அறிந்த முகமாயினும் பெயர் ஏட்டில் இன்றேல் கொடுத்தலாகாது. என் சிறிய தாயார் ஒரு முறை குழந்தையின் மாமனையே வாயிலில் நிறுத்திவைத்து, வசை கேட்டார்.

அவர் இப்பொழுது கைக்குழந்தைகள் ஆறு மட்டுமே ஏற்கின்றார், தாதியர் இருவர். அண்மையிலுள்ள நிறுவனம் ஒன்றிற்கு ஒப்பந்தம் வேண்டி எழுதியிருக்கின்றார். விடை இன்னும் வரவில்லை.