எண்ணெய் காட்டிய டி.வி. படம்!

இன்று ராத்திரி வீட்டில் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். டார்ச் லைட்டைச் சுவருக்குப் பக்கத்தில் பிடியுங்கள். வட்டம் சின்னதாக, பளிச்சென்று இருக்கும். இப்போது தூரத்தை இரண்டு மடங்காக்குங்கள். வட்டத்தின் பரப்பு நான்கு மடங்காகும். ஆனால் டார்ச் அதேதானே? அதனால் ஒவ்வொரு இடத்துக்கும் கால் பங்கு வெளிச்சம்தான் கிடைக்கும். வட்டம் மங்கிப்போகும்.

டி.வி. படத்தைத் தியேட்டர் கூட்டத்துக்கே காட்ட நினைத்தவர்களைத் திணறவைத்ததும் இந்தச் சிக்கல்தான்.

ஜான் லோகி பெயர்டு 1926-இல் லண்டனில் டி.வி.யைச் செய்து காட்டினார். அந்தப் படம் மிகச் சிறியது. 1930-இல் அதே ஊரின் கொலீசியம் அரங்கில் பெரிய கூட்டத்துக்கே காட்டினார். எப்படி? 2,100 சின்ன பல்புகளை அடுக்கித் திரையையே செய்துவிட்டார்! ஒரு புள்ளிக்கு ஒரு பல்பு. ஆனால் மொத்தமே 30 கோடுகள்தான். முகம் என்று தெரியும், நுணுக்கம் தெரியாது.

அடுத்த வழி, சிறிய பிக்சர் டியூபை மிகப் பிரகாசமாக எரியவைத்து, அந்தப் படத்தைப் பெரிதாக்கித் திரையில் விழவைப்பது. 1939 பிப்ரவரி 23 அன்று எரிக் பூன், ஆர்தர் டானஹர் மோதிய குத்துச்சண்டையை லண்டன் தியேட்டர்களில் ஜனங்கள் டிக்கெட் வாங்கி நேரடியாகப் பார்த்தார்கள். ஆனால் டியூபை எவ்வளவுதான் விரட்ட முடியும்? அதிகம் எரியவிட்டால் உள்ளே பூசிய ஒளிரும் பூச்சு சீக்கிரம் கெட்டுவிடும்.

இங்கேதான் ஒரு கேள்வி. சினிமாவில் பிலிமா வெளிச்சம் தருது? பின்னால் இருக்கிற விளக்குதானே தருது! டி.வி.யிலும் படத்தையும் விளக்கையும் பிரித்தால் என்ன?

சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் பேராசிரியர் பிரிட்ஸ் பிஷர் 1939-இல் இதற்கு வழி கண்டார். கருவியின் பெயர் ஐடோஃபோர். அதன் உள்ளே காற்று நீக்கிய அறையில் ஒரு குழியாடி. அதன்மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம். எலக்ட்ரான் கற்றை அந்த எண்ணெயில் படத்துக்கு ஏற்றபடி நுண்ணிய மேடுபள்ளம் உண்டாக்கும். வேறொரு சக்திவாய்ந்த விளக்கின் ஒளி அதன்மேல் விழும். எண்ணெய் சமமாக உள்ள இடத்து ஒளியைத் தடுப்புப் பட்டைகள் மறித்துவிடும். அங்கே திரை இருட்டு. மேடுபள்ளம் உள்ள இடத்தில் ஒளி வளைந்து, பட்டைகளின் இடைவெளி வழியாகத் திரைக்குப் போகும், அங்கே வெளிச்சம். இனி படம் பெரிசாகணுமா? விளக்கைப் பெரிசாக்கினால் போதும்!

1943-இல் முதல் கருவி இயங்கிக் காட்டியது. ஆனால் அது ஊர் ஊராகப் போய்ப் பயன்படுவதைப் பார்க்க பிஷருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1947-இல் இறந்துவிட்டார். 1960-களில் நிலவுப் பயணங்களை நடத்திய ஹூஸ்டன் கட்டுப்பாட்டு அறையின் பெரிய திரைகளில் படம் காட்டியது ஐடோஃபோர்தான்.

நண்பர்களே, இன்று வகுப்பறையில் ஓடும் ப்ரொஜெக்டரில் எண்ணெய் கிடையாது. ஆனால் அதிலும் வெளிச்சம் தருவது ஒன்று, படம் உண்டாக்குவது வேறொன்று. பிஷர் யோசித்த அதே வழிதான்!